நாட்டுக்கு மூத்த படை: பர்மிய அரசியலில் இராணுவத்தின் இடம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பத்து இருபது ஆண்டுகளுக்குள் ஆட்சி இராணுவத்தின் கைக்குப் போனதை விளக்க முற்பட்ட அரசியலறிஞர்கள், பாசறையில் இருக்க வேண்டிய படைவீரர் ஏன் வெளியே வந்தனர் என்னும் கேள்வியிலிருந்தே பெரும்பாலும் தொடங்கினர். கட்சிகள் பிளவுபட்டன, ஊழல் மலிந்தது, நாடாளுமன்றம் முடங்கியது, எனவே ஒழுங்கும் கட்டளைப் படிநிலையும் கொண்ட ஒரே அமைப்பாகிய இராணுவம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது என்னும் விடையும் அக்கேள்விக்குள்ளேயே அடங்கியிருந்தது. சாமுவேல் ஃபைனர் 1962இல் வெளியிட்ட, இத்துறையில் இன்றும் படிக்கப்படும் நூல், இராணுவத் தலையீட்டைச் செல்வாக்குச் செலுத்துதல், மிரட்டிப் பணியவைத்தல், ஓர் அமைச்சரவையை நீக்கி வேறொன்றை அமரவைத்தல், குடிமக்களாட்சியையே அகற்றித் தானே ஆளுதல் என நான்கு படிகளாகப் பிரித்து, ஒரு நாட்டின் அரசியல் பண்பாடு எவ்வளவு வேரூன்றியிருக்கிறதோ அவ்வளவுக்கு மேற்படிகளில் ஏறுவது இராணுவத்துக்குக் கடினமாகும் என்றது. அந்நூல் வந்த அதே ஆண்டில் பர்மாவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததால், அந்நாடும் இவ்விளக்கத்துக்கு மற்றோர் எடுத்துக்காட்டாக எளிதில் வரிசையில் சேர்க்கப்பட்டது. ஆனால் பாசறை ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம் என்ற பிரிவினை பர்மாவில் விடுதலை நாளிலிருந்தே தெளிவாக இருந்ததில்லை. இல்லாத எல்லையைப் படை ஏன் தாண்டியது என்று கேட்பதால் அங்கு நடந்தது விளங்குவதில்லை.

வேந்தனுக்குரிய ஆறு உறுப்புகளுள் படையை முதலில் வைத்து எண்ணுவது தமிழ் அறநூல் மரபு; எனினும் அம்மரபிலும் படை உறுப்பே, உடையவன் வேந்தனே. விடுதலை பெற்ற பர்மாவிலோ இவ்வுறவு தலைகீழாயிற்று. பர்மிய இராணுவம், அதாவது அந்நாட்டவர் 'தத்மதோ' என்று மரியாதையுடன் அழைக்கும் படை, தன் பிறப்பை 1941 டிசம்பரில் வைத்து எண்ணுகிறது. நாடு விடுதலை பெற்றதோ 1948 ஜனவரி 4 அன்று. அரசைவிட ஆறு வயது மூத்தவன் என்ற இந்த நினைப்பு வெறும் பெருமைப் பேச்சாக நின்றுவிடாமல், பள்ளிப் பாடமாகவும் அரசமைப்பின் விதியாகவும் பின்னாளில் உருவெடுத்தது. (1989இல் இராணுவ அரசு நாட்டின் பெயரை மியன்மார் என மாற்றியது, இவ்வுரையில் அதற்கு முற்பட்ட காலத்துக்குப் பர்மா என்றும் பிற்பட்ட காலத்துக்கு மியன்மார் என்றும் வழங்கப்படுகிறது.)

பிரித்தானியர் பர்மாவை ஆண்ட முறையில் இதன் விதை உண்டு. சமவெளியில் வாழும் பெரும்பான்மையினராகிய பர்மியரைப் படையில் சேர்ப்பதை அவர்கள் தவிர்த்து, கரேன், கச்சின், சின் முதலிய மலை, எல்லைப்புற இனத்தவரையும், அவர்களுக்கு மேலாக இந்தியப் படைப்பிரிவுகளையும் நம்பினர். 1939ஆம் ஆண்டின் பர்மியப் படையில் கரேன் இனத்தவர் 1,400க்கும் மேற்பட்டு இருக்க, பர்மியர் 500 பேர்கூட இல்லை. தன் நாட்டில் தன்னை அடக்கும் துப்பாக்கி எப்போதும் வேற்றினத்தான் தோளில் தொங்குவதைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு, விடுதலை என்பதன் முதற்பொருளே சொந்தப் படை என்பதாக இருந்தது இயல்பே.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஆங் சானும் அவருடைய தோழர்களும், 'முப்பது தோழர்கள்' என்று பின்னர் அழைக்கப்பட்டவர்கள், ஜப்பானியர் ஏற்பாட்டில் ஹைனான் தீவில் போர்ப் பயிற்சி பெற்று, 1941 டிசம்பரில் பாங்காக்கில் பர்மா விடுதலைப் படையை அமைத்து, ஜப்பானியப் படையுடன் தாயகத்துக்குள் நுழைந்தனர். அம்முப்பதின்மரில் ஒருவர் நே வின். படை நகர்ந்த வழியெங்கும் ஊர் நிர்வாகத்தைத் தானே ஏற்றதும், 1942இல் ஐராவதி வடிநிலத்து மியாங்மியா மாவட்டத்தில் அதன் ஆட்களுக்கும் கரேன் மக்களுக்கும் இடையே இரத்தக்களரி மூண்டதும், பின்வந்த பல பதிற்றாண்டுகளின் முன்னோட்டமாகவே இன்று தெரிகின்றன. 1945 மார்ச் 27 அன்று இதே படை ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பி நேச நாடுகளின் பக்கம் சேர்ந்தது. அந்நாளே இன்றும் படை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

போர் முடிந்ததும் இப்படையை என்ன செய்வது என்னும் கேள்விக்கு இலங்கையின் கண்டியில் 1945 செப்டம்பரில் மவுண்ட்பேட்டனும் ஆங் சானும் விடை கண்டனர். சுமார் 5,000 பேர் புதிய பர்மியப் படையில் சேர்க்கப்பட வேண்டும் என்றும், பட்டாலியன்கள் இனவாரியாக அமைய வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஆங் சானின் பழைய ஆட்கள் ஒரு பக்கம், பிரித்தானியரிடம் பணிபுரிந்த கரேன், கச்சின், சின் படையினர் மறுபக்கம் என ஒரே சீருடைக்குள் இரு படைகள் வைத்துத் தைக்கப்பட்டன. இடம் கிடைக்காத எஞ்சிய போராளிகள் மக்கள் தொண்டர் அமைப்பு என்ற பெயரில் ஆயுதத்துடனேயே அரசியலில் நின்றனர்.

இந்தியாவில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. ஜப்பானியர் துணையுடன் எழுந்த இந்திய தேசிய இராணுவமும் இதே காலத்தது. 1944 தொடக்கத்தில் அதன் தலைமையகம் ரங்கூனுக்கே வந்தது. மலாயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழர் ஏராளமாக அதில் சேர்ந்தனர். அவ்வீரர்களை நாடு போற்றியது, செங்கோட்டை வழக்கில் அவர்களுக்காக நேருவே வழக்கறிஞர் அங்கியை அணிந்தார். ஆனால் விடுதலைக்குப் பின் அவர்களை இந்தியப் படைக்குள் திரும்பச் சேர்க்கவில்லை. விடுதலைக்குப் போராடியவர் என்ற உரிமையுடன் அரசியலுக்கு விலை பேசக்கூடிய ஒரு படையணி இவ்வாறு இந்தியாவில் உருவாகாமலே போயிற்று. அவர்களுக்கு அது அநீதியே. எனினும் நாட்டை உருவாக்கியது காங்கிரஸ் என்று கட்சியால் சொல்ல முடிந்த இந்தியாவுக்கும், நாட்டை உருவாக்கியது நாங்கள் என்று படையால் சொல்ல முடிந்த பர்மாவுக்கும் இடையிலுள்ள தொலைவில் ஒரு பகுதியை அந்த அநீதியே உண்டாக்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1947 ஜூலை 19 அன்று ஆங் சானும் அமைச்சர் பலரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஊ நு தலைமையில் அமைந்த அரசு விடுதலை பெற்ற மூன்றே மாதத்தில் கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சியைச் சந்தித்தது. தொண்டர் அமைப்பின் பெரும்பகுதியும் படையின் சில பிரிவுகளும் அடுத்தடுத்துக் கிளர்ந்தன. 1949 ஜனவரி இறுதியில் ரங்கூனை ஒட்டிய இன்சேனிலேயே கரேன் போர் தொடங்கியது. படைத் தலைவராக இருந்த ஸ்மித் டன் கரேன் இனத்தவர். அவர் விலக்கப்பட்டு நே வின் அப்பொறுப்புக்கு வந்தார். அந்த மார்ச்சில் மண்டலேயும் கிளர்ச்சியாளர் கையில் விழுந்தது. அப்போது பர்மிய அரசை வெளிநாட்டவர் 'ரங்கூன் அரசு' என்று கேலி செய்ததில் மிகை அதிகமில்லை.

இந்தப் போரில் கரேன் பிரிவுகள் படையை விட்டு வெளியேறியதால், கண்டியில் தைத்த தையல் பிரிந்து, எஞ்சியது ஏறக்குறைய முழுமையும் ஆங் சான் வழிவந்த பர்மியர் படையாயிற்று. அதைவிட ஆழமான விளைவு வேறொன்று. ஒரு படை எவரை எதிரியாகக் கருதிப் பயிற்சி பெறுகிறது என்பது அதன் குணத்தைத் தீர்மானிக்கும் என்றால், இப்படையின் எதிரி பிறந்த நாள் முதல் சொந்த நாட்டின் குடிமகனாகவே இருந்தான். மேரி கலஹன் என்னும் ஆய்வாளர் பர்மியப் படையின் வரலாற்றை எழுதுகையில் வலியுறுத்துவதும் இதையே: ஐரோப்பாவில் போர் நடத்துவதற்காக மன்னர்கள் வரி வாங்க, வரி கொடுத்தவர் உரிமை கேட்க, குடியுரிமை வளர்ந்தது என்றால், பர்மாவில் போர் நடந்தது வரி கொடுக்க வேண்டியவர்களின் மீதே. அங்கு அரசு வலுப்பட்டபோதெல்லாம் குடிமக்கள் பகைவர்களாகவே எண்ணப்பட்டனர்.

வெளிப்பகையும் இல்லாமல் இல்லை. 1950இல் சீனத்தில் தோற்ற கோமிண்டாங் படைகள் ஷான் மாநிலத்துக்குள் புகுந்து, அமெரிக்க உளவுத்துறையின் துணையுடன் அங்கே தளம் அமைத்தன. அவற்றை விரட்டப் பர்மியப் படையால் இயலாமற்போய், 1953இல் ஐக்கிய நாடுகள் சபையில் முறையிட வேண்டியதாயிற்று. இந்த அவமானம் இளம் அதிகாரிகளை உலுக்கியது. அவர்கள் யூகோஸ்லாவியா, இஸ்ரேல் முதலிய நாடுகளின் படைகளைப் படித்தனர். மேமியோவில் படைக்கல்லூரி எழுப்பினர். மக்கள் மனத்தை வெல்வதற்கென உளப்போர்ப் பிரிவு ஒன்றை அமைத்து இதழ்களும் நடத்தினர். 1951இல் படையினருக்கு மலிவு விலையில் பொருள் விற்கும் கேண்டீனாகத் தொடங்கிய பாதுகாப்புச் சேவைகள் நிறுவனம், பத்தாண்டு முடியுமுன் வங்கி, கப்பல் நிறுவனம், பல்பொருள் அங்காடி எனப் பெருகி நாட்டின் மிகப்பெரிய வணிக அமைப்பாயிற்று. கேண்டீனிலிருந்து வங்கிவரை வளர்ந்த இந்தக் கதையைப் பர்மிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துபோவது வியப்பே. தன் ஊழியருக்குப் பள்ளி, மருத்துவமனை, அங்காடி, கடன், ஓய்வுக்கால வேலை ஆகிய அனைத்தையும் தானே தந்துகொள்ளும் அமைப்புக்கு, நாடாளுமன்றம் ஒதுக்கும் பணம் ஒரு வருமானமே தவிர அதன் கழுத்துக் கயிறு அன்று. நிதியைக் கட்டுப்படுத்தியே படையை ஆட்டுவிக்கலாம் என்ற நாடாளுமன்றப் பாடம் அங்கே செல்லுபடியாகவில்லை.

1958இல் ஆளும் பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலைக் கூட்டணி இரண்டாக உடைந்தபோது, ஊ நு தாமே நே வினை அழைத்து ஆட்சியை ஒப்படைத்தார் என்பதுதான் அரசு வெளியிட்ட வரலாறு. தளபதிகள் முற்றுகையிட்டு மிரட்டியதால் அவ்வாறு அழைக்க வேண்டியதாயிற்று என்பது ரங்கூனில் அப்போதே பேசப்பட்டது. எப்படியாயினும் அக்டோபர் 28 அன்று நாடாளுமன்றமே நே வினைப் பிரதமராகத் தேர்ந்தது; உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராக இருக்கக் கூடாது என்னும் விதி அவருக்காகத் திருத்தப்பட்டது. 'காபந்து அரசு' எனப்பட்ட அந்த ஆட்சி நகரத் தெருக்களைத் துப்புரவு செய்தது, குடிசைவாசிகளை ஒக்கலாபா, தகேட்டா என்னும் புறநகர்களுக்குப் பெயர்த்தது, விலைவாசியைப் பிடித்து நிறுத்தியது, ஷான் மாநிலத்துப் பரம்பரைக் குறுநில மன்னர்களாகிய சாப்வாக்களைத் தம் உரிமைகளைத் துறக்கச் செய்தது, சீனத்துடன் எல்லை ஒப்பந்தமும் கண்டது. பின்னர், சொன்ன சொல் தவறாமல் 1960இல் தேர்தல் நடத்தி விலகியது. மேல்நாட்டுப் பார்வையாளர்கள் மெச்சினர். புதிய நாடுகளை நவீனப்படுத்தும் கருவி இராணுவமே என்று எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைத்திருக்க முடியாது.

ஆனால் பர்மியத் தளபதிகள் அந்தப் பதினெட்டு மாதங்களிலிருந்து கற்ற பாடம் வேறு. தாங்கள் நேர்த்தியாக ஆண்டும், தாங்கள் விரும்பிய கட்சியை மக்கள் தோற்கடித்து, தங்களால் ஒதுக்கப்பட்ட ஊ நுவையே பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தது அவர்களுக்குப் புதிராக இருந்தது. பெயர்த்தெறியப்பட்ட குடிசைவாசிக்கும் வாக்கு உண்டு என்பதைக் கட்டளையிட்டுப் பழகியவர் எளிதில் உணர்வதில்லை. தேர்தலுக்குத் தயாராகாமல் திரும்பிப் போனதே தங்கள் தவறு என அவர்கள் முடிவு கட்டினர்.

1962 மார்ச் 2 அதிகாலையில் அவர்கள் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டனர். ஊ நு பௌத்தத்தை அரச மதமாக்கியதும், சிறுபான்மை இனத் தலைவர்கள் கூட்டாட்சி கோரி ரங்கூனில் கூடிப் பேசிக்கொண்டிருந்ததும் காரணங்களாகக் காட்டப்பட்டன. 1947 அரசமைப்பு, விடுதலைக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் ஒன்றியத்தை விட்டுப் பிரியும் உரிமையை ஷான், கரேனி மாநிலங்களுக்கு வழங்கியிருந்தது. கூட்டாட்சி என்ற சொல்லைப் பிரிவினை என்றே படையதிகாரிகள் கேட்டனர். நாட்டின் முதற் குடியரசுத் தலைவரும் ஷான் தலைவருமான சாவ் ஷ்வே தைக்கின் வீட்டில் அவருடைய மகன் சுடப்பட்டு இறந்தார். அவரும் அவ்வாண்டிலேயே சிறையில் மாண்டார். ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டனர்; மறுநாள், காலனியாட்சிக் காலத்திலிருந்து விடுதலை இயக்கத்தின் நாற்றங்காலாக விளங்கிய மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆங் சான் தலைவராக இருந்த சங்கம் அது.

அடுத்த பத்தாண்டு 'பர்மிய வழிச் சோசலிசம்' என்ற பெயரில் நடந்தது. தமிழருக்கு இந்தக் கட்டம் நேரடியாக உறைக்கும். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாததால் நிலங்கள் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்து, 1938 அளவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவர்களுடையதாயிற்று. அந்த நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டங்களை இயற்றியது நே வின் அல்லர், நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த ஊ நுவின் அரசே. படையாட்சி வந்தபின் வங்கிகளும், பின்னர் கடைகளும், 1964இல் உயர்மதிப்பு நோட்டுகளும் பறிபோக, நிலமற்ற சிறு வணிகரும் துறைமுகத் தொழிலாளரும் எழுத்தருமான இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் வெறுங்கையுடன் கப்பலேறினர். சென்னைக் கடற்கரையோரப் பர்மா பஜாரும், பர்மாவுக்கே திரும்ப முயன்று வழியில் நின்றுவிட்டவர்கள் மணிப்பூர் எல்லை மோரேயில் அமைத்த தமிழர் குடியிருப்பும் அந்த ஆண்டுகளின் எச்சங்கள். செட்டியார் வட்டியின் மேல் குடியானவனுக்கு இருந்த நியாயமான கோபத்தை, பெட்டிக்கடைக்காரன் மேல் திருப்பிவிட்டு அதைச் சோசலிசம் என்று அழைத்ததில் படையாட்சிக்கு எவ்விதக் கூச்சமும் இருக்கவில்லை.

எல்லைப்புறங்களில், கிளர்ச்சியாளருக்கு உணவு, பணம், செய்தி, ஆள் ஆகிய நான்கும் கிடைக்காதபடி ஊர்களையே காலிசெய்யும் 'நான்கு வெட்டு' முறை 1960களில் வகுக்கப்பட்டது. 1972இல் சீருடையைக் களைந்த நே வின் 1974இல் அதே நாற்காலியில் குடியரசுத் தலைவராக அமர்ந்தார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் இழப்பீடின்றிச் செல்லாதவையாக்கப்பட்டு, ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. ஒரு காலத்தில் உலகுக்கே அரிசி அனுப்பிய நாடு அதே டிசம்பரில் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்ந்தது. 1988 ஆகஸ்டில் மக்கள் எழுந்தனர். செப்டம்பர் 18 அன்று படை மீண்டும் வெளிப்படையாகவே ஆட்சியை எடுத்தது. 1990 மே தேர்தலில் ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயகக் கூட்டணி 485 இடங்களில் 392ஐ வென்றும் ஆட்சி கைமாறவில்லை.

1960இல் கற்ற பாடத்தோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்தது: தேர்தலில் வெல்ல இயலாதெனில், தேர்தல் எதைத் தீர்மானிக்கலாம் என்பதைச் சுருக்கிவிட வேண்டும். இதற்கு அயலில் ஒரு முன்மாதிரி இருந்தது. இந்தோனேசியாவில் 'இரட்டைப் பணி' என்ற கோட்பாட்டின்படி, நாட்டைக் காப்பதோடு சமூக, அரசியல் வழிகாட்டுதலும் படையின் கடமை எனக் கொண்டு, நாடாளுமன்றத்தில் அதற்கு நியமன இடங்கள் தரப்பட்டிருந்தன. சுகார்த்தோ வீழ்ந்தபின் இந்தோனேசியா அவ்விடங்களைக் குறைத்து 2004இல் ஒழித்துவிட்டது. தன்னைப் பெற்ற நாடு கைவிட்ட கோட்பாட்டை மியன்மார் அதற்குப் பிறகு அரசமைப்பாகவே எழுதிக்கொண்டது. 2008 மே தொடக்கத்தில் நர்கீஸ் புயல் ஐராவதி வடிநிலத்தை அழித்து ஒரு வாரம் கழிந்ததுமே அந்த அரசமைப்புக்கு வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, 92 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என அறிவிக்கப்பட்டது.

அதன் பொறியமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. கீழவையின் 440 இடங்களில் 110, மேலவையின் 224இல் 56 படைத் தலைவர் நியமிக்கும் அதிகாரிகளுக்கு உரியவை. அரசமைப்பின் முக்கியப் பகுதிகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்கு வேண்டும். கால்பங்கு இடத்தைக் கையில் வைத்திருப்பவர் சம்மதிக்காமல் அவ்வெண்ணிக்கை வராது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று துறைகளின் அமைச்சர்களைப் படைத் தலைவரே பெயர் குறிப்பிடுவார்; படை தன் விவகாரங்களைத் தானே நிர்வகிக்கும். உள்துறை என்றால் காவல்துறை மட்டுமன்று. ஊர்தோறும் வரி, நிலப்பதிவு, சான்றிதழ் ஆகியவற்றைக் கவனித்த பொது நிர்வாகத் துறையும் 2018 இறுதிவரை அதன் கீழேயே இருந்தது. அதாவது 2015இல் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு பதவியேற்றபோது, ஒரு குடியானவன் அரசு அலுவலகம் என்று படியேறிய இடம் படை நியமித்த அமைச்சரின் அலுவலகமாகவே நீடித்தது.

சூச்சி இந்தக் கட்டுக்குள் இருந்துகொண்டே படையை மெல்லப் பின்வாங்கச் செய்ய முயன்றார். அரசமைப்பு தம்மைக் குடியரசுத் தலைவராகத் தடுத்தபோது அரச ஆலோசகர் என்ற பதவியை உருவாக்கினார். அதற்கு வழி கண்ட சட்ட அறிஞர் கோ நி 2017 ஜனவரியில் யாங்கூன் (ரங்கூன்) விமான நிலைய வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டது தொடர்பாக, 2019 டிசம்பரில் ஹேக் நகரத்து நீதிமன்றத்தில் நாட்டின் சார்பில் சூச்சியே வாதிட்டார். இது தந்திரமா, நம்பிக்கையா என்ற விவாதம் ஓயவில்லை. தந்திரம் என்றே கொண்டாலும் அதனால் அவர் வாங்கியது ஓராண்டுக் காலமே. 2020 நவம்பர் தேர்தலில் அவருடைய கட்சி 476இல் 396 இடங்களை வென்றது. 2021 ஜூலையில் 65 வயது நிறைந்து ஓய்வு பெற வேண்டியிருந்த படைத் தலைவர் மின் ஆங் லைங், புதிய நாடாளுமன்றம் கூட இருந்த பிப்ரவரி 1 அன்று ஆட்சியை எடுத்தார். குடியரசுத் தலைவர் வின் மியின்ட் பதவி விலக மறுத்ததால், படை நியமித்த துணைத் தலைவர் அவ்விடத்துக்கு வந்து, நெருக்கடி நிலையை அறிவித்து, அரசமைப்பின் 418ஆம் பிரிவின்படி அதிகாரத்தைப் படைத் தலைவருக்கே மாற்றித் தந்தார். தாமே எழுதிய அரசமைப்பில் தமக்கென வைத்திருந்த வாசல் வழியாகவே அவர்கள் நுழைந்தனர். ஆயினும் அதன் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது.

இம்முறை எதிர்ப்பு வேறு வடிவெடுத்தது. சமவெளிப் பர்மிய இளைஞர் தலைமுறை தலைமுறையாகப் பகைவர் என்று கேள்விப்பட்ட கரேன், கச்சின் படைகளிடமே சென்று ஆயுதப் பயிற்சி பெற்றது, 1988க்குப் பின்கூட இந்த அளவில் நிகழாத ஒன்று. 2023 அக்டோபரில் தொடங்கிய தாக்குதலில் வடக்கு ஷான் பகுதி கைநழுவ, 2024 ஆகஸ்டில் லாஷியோவிலிருந்த வட்டாரப் படைத் தலைமையகமே வீழ்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து இளைஞரை எல்லை தாண்டி ஓடவைத்தது. எனினும் படை கலைந்துவிடவில்லை. வான்படையும் பெருநகரங்களும் அதன் வசமே நின்றன.

படையின் பிடியிலிருந்து விடுபட்ட பகுதிகளில் வரி வாங்குவதும் வழக்குத் தீர்ப்பதும் பள்ளி நடத்துவதும் பெரும்பாலும் அந்தந்த ஆயுதக் குழுக்களே. கூட்டாட்சி வேண்டும் என்பதில் ஒன்றுபடுவோர், கூட்டாட்சியில் படைகள் எத்தனை, அவை யாருக்குக் கட்டுப்பட்டவை என்பதில் இன்னும் உடன்படவில்லை. கரேனி மாநிலத்திலோ, போராளிகளும் பெண்கள் அமைப்புகளும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த மக்கள் பிரதிநிதிகளும் கூடி, 2023 ஜூனில் ஓர் இடைக்கால நிர்வாகக் குழுவை அமைத்தனர். அம்மாநிலத்தில் போரிடும் வெவ்வேறு படைகள் தம்முள் எவ்வாறு இணைவது, அக்குழுவின் ஆணை அவற்றின்மேல் எந்த அளவுக்குச் செல்லும் என்னும் பேச்சு அங்கே நடந்துகொண்டிருக்கிறது.